நாற்பது ஆந்தைகள்

ஆந்தைக்காரி முதல்நாள் சந்தைக்கு வந்தபோதே என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். பக்கத்து மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள், கிட்டே வந்தாள், மேலிருந்து இரண்டாவது பொத்தானை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா, இது இன்னும் ரெண்டு நாள் தாங்காதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது."

"நீ கையை வைக்காம இருந்திருந்தா ரெண்டு வருஷம் தாங்கியிருக்கும். இப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

அங்கேயே உட்கார்ந்து தைத்தும் கொடுத்தாள். அந்தப் பொத்தான் இன்றுவரை அசையவில்லை. பதினான்கு வருஷம் குழந்தைகள் துணி தைக்கிற கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பொத்தான் இழுத்துப் பார்த்த கை அது. கம்பெனி ஒரு வாரம் மூடியிருக்கும் என்றார்கள், அப்படியே மூடிப்போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. யார் சட்டையைப் பார்த்தாலும் இழுக்கும்.

நான் மெழுகுவத்தி ஊற்றி விற்கிறவள். பன்னிரண்டு வருஷமாகப் பள்ளி மைதானத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே இடத்தில் மேசை போடுகிறேன். சந்தையில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. எனக்கு 'மெழுகு'. மனசு இளகினவள் என்று நினைத்துவிடாதீர்கள், தொழிலைப் பார்த்து வைத்த பெயர். அவள் ஆந்தை பின்னி விற்றதால் ஆந்தைக்காரி ஆனாள். குழந்தைக்கு எவராவது ஆந்தை வாங்கிக் கொடுப்பார்களா, முயல் செய், வாத்து செய் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலையில் அவள் மேசையில் நிற்க இடமில்லை. வயிறு எரிந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆந்தையின் முகத்தில்தான் சூட்சுமம். வெள்ளை நூலில் இரண்டு பெரிய வட்டம், நடுவில் மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் கண். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னத் தண்டு இருக்கும். தண்டைப் பின்னலுக்குள் நுழைத்து, உள்பக்கமிருந்து ஒரு வாஷரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்தால் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகு யானை கட்டி இழுத்தாலும் வராது. அப்புறம் பஞ்சு அடைத்துத் தலையை மூடித் தைத்துவிடுவாள். தைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அவள் பெயர் பரவியதும் இந்தக் கண்ணால்தான். அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் போனில் ஒரு வீடியோ எடுத்தார். இவள் ஆந்தையின் கண்ணைப் பல்லால் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்து இழுக்கிறாள். முகமெல்லாம் சிவந்து, "என் பல்லு வந்தாலும் வரும், இது வராது!" என்று சிரிக்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. ஊர் உலகமெல்லாம் பார்த்தது. அதிலிருந்து அவள் இணையப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான அம்மாக்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஆந்தையையும் விற்பதற்கு முன்னால் அப்படி ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவளுக்குச் சத்தியம் மாதிரி.

பள்ளி விடுமுறை தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வருஷத்தில் பெரிய சந்தை. அதற்கு நாற்பது ஆந்தை என்று திட்டம் போட்டாள். இருபது முடிவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. உடனே அவள் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். நல்ல மனுஷி. சமைத்தாள், துவைத்தாள், "நீ பின்னுறதை மட்டும் பின்னு அண்ணி, முகமெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள். நாற்பது ஆந்தைக்கும் கண் வைத்து, பஞ்சு அடைத்து, மூடித் தைத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். ஆந்தைக்காரி நாற்பதையும் பல்லால் இழுத்துப் பார்த்தாள். ஒரு கண்ணும் அசையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு ஆந்தை விற்றது. வாங்குகிறவர்களின் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வது அவள் வழக்கம், புதிய பொம்மை செய்தால் செய்தி அனுப்பலாமே என்று. மத்தியானம் பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொல்லி மேசையை என்னிடம் விட்டுப் போனாள். "யாராச்சும் வந்தா நம்பர் வாங்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் ஒன்று விற்றேன். கண்ணாடி போட்ட ஒரு ஆள், ஒன்பது மாசக் குழந்தைக்கு என்றார், ரொக்கமாகக் கொடுத்தார், போய்விட்டார். என் மேசையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் நம்பர் வாங்கவில்லை.

புதன்கிழமை காலையில் போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வர்றீங்களா?" குரலில் உயிரே இல்லை. கையில் இருந்த திரியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

அவள் வேலை செய்கிற மேசை சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. நூல்கண்டுகளுக்கு நடுவே இரண்டு பாக்கெட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். கண் பாக்கெட் காலி. வாஷர் பாக்கெட் வாயே பிரிக்கவில்லை.

"வேற பாக்கெட் இருந்திருக்கும்," என்றேன்.

"ஒண்ணுதான் வாங்கினேன்."

நாத்தனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள். "அந்தப் பிளாஸ்டிக் வளையமா அண்ணி? அதை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் புண்ணாப் போகும் போல இருந்துது. எதுக்குன்னு விட்டுட்டேன். நல்ல பசையாப் பார்த்து வாங்கி ஒட்டியிருக்கேன். கல்லு மாதிரி நிக்கும், கவலைப்படாதே."

அவள் திட்டவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். விற்காமல் மீந்திருந்த ஒன்பதில் ஒன்றை எடுத்தாள். மறுபடி பல்லால் இழுத்தாள். வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது. "அப்புறம் என்ன, கல்லு மாதிரிதானே நிக்குது" என்றேன். அவள் ஆந்தையின் முகத்தை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள்.

நாற்பது வயதுப் பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்து ஆந்தையைச் சப்பிக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது. பத்து நிமிஷம், கால் மணி நேரம். எச்சில் வழிந்து முழங்கையில் இறங்கியது, துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குழந்தை எப்படிச் சப்புமோ அப்படியே, அவசரமில்லாமல் சப்பினாள். என் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியாது. இருபதாவது நிமிஷம் அவள் ஆந்தையை வெளியே எடுத்தாள். ஒரு கண் அதில் இல்லை. வாயைத் திறந்து காட்டினாள். நாக்கின் நடுவில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"இழுக்கவே இல்லக்கா," என்றாள். "எச்சில் பட்டாலே பசை ஊறிடுது. தானா வந்து விழுந்துச்சு."

முப்பத்தொரு வீட்டில் முப்பத்தொரு ஆந்தை இருக்கிறது. முப்பத்தொரு குழந்தைகள் சப்பிக்கொண்டிருக்கின்றன.

உடனே தன் பக்கத்தில் போட்டுவிட வேண்டும் என்று போனை எடுத்தாள். கையைப் பிடித்துத் தடுத்தது நான்தான்.

காரணம் இருந்தது. நான்கு கிளை வைத்திருக்கிற ஒரு குழந்தைப் பொருள் கடையிலிருந்து கொள்முதல் பார்க்கிற அம்மாள் சனிக்கிழமை வருவதாக இருந்தாள். பிடித்துவிட்டால் மாசா மாசம் ஆர்டர். மூன்று வருஷமாக வெயிலில் மேசை போட்டவளுக்கு அதுதான் கரையேறுகிற வழி. வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள், கம்பெனியில் கூட வேலை பார்த்த இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். 'என் பொம்மை குழந்தையைக் கொல்லும்' என்று புதன்கிழமை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால் சனிக்கிழமை யார் வருவார்கள்?

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றேன். "நோட்டுல நம்பர் இருக்குல்ல? புது டிசைன் வந்திருக்கு, பழசைக் குடுத்துட்டுச் சும்மா மாத்திக்கலாம்னு செய்தி அனுப்பு. எல்லாம் தானா திரும்பி வந்துடும். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"குழந்தைங்கக்கா."

"பாதிப் பேர் அலமாரியில வச்சு போட்டோ எடுக்கறதுக்குத்தான் வாங்கறாங்க. சனிக்கிழமை வரைக்கும் பொறு. மூணு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

வேன்காரரும் நான் சொல்வதுதான் சரி என்றார். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் களைத்துப்போனவள் என்ன செய்வாள்? சரி என்றாள். அந்தச் செய்தியை நானே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கடைசியில் ஒரு இதயப் படம் போடச் சொன்னதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினொன்று திரும்பி வந்தன. வந்த பதினொன்றில் நான்கில் கண் ஆடியது. ஒன்றில் கண், நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பேர் கொடுக்க மறுத்தார்கள். ஆபத்து என்று தெரிந்தால்தானே கொடுப்பார்கள்? 'இதுதான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு', 'இதை விட்டுத் தூங்கவே மாட்டேங்குறா', 'ரொம்ப நன்றி, வேண்டாம்' என்று பதில்கள் வந்தபடி இருந்தன. எல்லாவற்றின் கடைசியிலும் அதே இதயம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும் ஜன்னலுக்கு ஓடினாள் என்று வேன்காரர் பிற்பாடு சொன்னார்.

சனிக்கிழமை காலை, கொள்முதல் அம்மாள் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு படம் வந்தது. நானும் அங்கே இருந்தேன். மேசைவிரிப்பைச் சரிசெய்து, வாஷர் போட்ட பழைய ஆந்தைகளை வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஆறு மாசக் குழந்தை ஒன்று, பொக்கை வாயைத் திறந்து ஆந்தையின் முகத்தை அப்படியே உள்ளே திணித்துக்கொண்டிருந்தது. 'உங்க ஆந்தைக்கு முத்தம்!' என்று அம்மா எழுதியிருந்தாள்.

ஆந்தைக்காரி அந்த அம்மாவுக்கு உடனே போன் போட்டாள். "வாயிலேர்ந்து எடுங்க. இப்பவே. ரெண்டு கண்ணும் இருக்கான்னு பாருங்க." இருந்தன. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கொள்முதல் அம்மாள் வந்து உட்கார்ந்து, ஆந்தையைக் கையில் எடுத்து, "கண்ணு பலமா இருக்குமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். இவள் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள். நோட்டை மூடி, பேனாவைப் பையில் போட்டு, "சொன்னதுக்கு நன்றிங்க" என்று எழுந்துபோனாள். டீ ஆறிக் கிடந்தது.

அடுத்த நிமிஷம் பக்கத்தில் போட்டாள். தன் முகத்தைக் காட்டிப் பேசினாள். "போன ஞாயிறு என்கிட்ட ஆந்தை வாங்கினவங்க உடனே குழந்தைகிட்டேருந்து வாங்கிடுங்க. கண்ணு கழண்டு வருது. தப்பு என்னோடது." நாத்தனார் என்ற வார்த்தையே வரவில்லை. கீழே என்னென்ன எழுதினார்கள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. பல்லால் இழுக்கிற வீடியோவைத் தேடியெடுத்து அதற்குக் கீழேயும் போய்த் துப்பினார்கள். அவள் அதையெல்லாம் படிக்காமல் நோட்டிலிருந்த ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் முப்பது ஆந்தைக்கும் தகவல் கிடைத்துவிட்டது. முப்பது குழந்தைகளும் நன்றாக இருந்தன.

"ஒண்ணு குறையுதுக்கா," என்றாள்.

எது குறைகிறது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேசை போடவில்லை. அவள் வழக்கமாக நிற்கிற இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. சந்தையில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள், நான் போனால் நிறுத்தினார்கள். கண்ணாடி போட்ட ஆள் யார் வந்தாலும் எழுந்து நின்றேன். பதினோரு மணிக்கு அவரே வந்தார். ஷேவ் செய்யாத முகம். பையிலிருந்து ஆந்தையை எடுத்து என் மெழுகுவத்திகளுக்கு நடுவே வைத்தார். இடது பக்க வட்டத்தில் கண் இருந்தது. வலது பக்கம் வெறும் பசைத் தழும்பு.

"போன வாரம் உங்ககிட்டதான் வாங்கினேன். ஒரு கண்ணு விழுந்துடுச்சு. ஒண்ணு வச்சுத் தருவீங்களா? இது இல்லாம தூங்க மாட்டேங்குறான்."

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வேறு ஓர் ஆந்தை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்று மனசுக்குள் ஓடியது. அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை.

"விழுந்த கண்ணு எங்கங்க?"

"அதைத்தான் வீடு பூரா தேடினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தப்பவே இல்ல."

"குழந்தை?"

"அன்னையிலேர்ந்தே இருமல். சளின்னு டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. காய்ச்சலும் விட மாட்டேங்குது." பிறகு, எதற்கோ மன்னிப்புக் கேட்கிறவர் போலச் சொன்னார். "என் வீட்டுக்காரி உங்க ஆந்தைக்காரம்மா பக்கத்தைத் தினமும் பார்ப்பாங்க. ஒருநாள் விட்டதில்ல. இவனுக்கு முடியாம போனதிலேர்ந்து போனையே தொடல. இல்லன்னா அவங்ககிட்டயே கேட்டிருப்போம்."

தினமும் பார்ப்பாளாம். புதன்கிழமை பார்த்திருப்பாள். வியாழக்கிழமை பார்த்திருப்பாள். வெள்ளிக்கிழமை காலையில்கூடப் பார்த்திருப்பாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க," என்றேன். "சளி இல்ல. அந்தக் கண்ணு உள்ள இருக்கு. ஓடுங்க."

மெழுகுவத்திகளை அப்படியே விட்டுவிட்டு, ஆந்தைக்காரிக்குப் போனில் சொல்லிக்கொண்டே நானும் போனேன். வேனில் ஆந்தைக்காரி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றாள். கையில் அதே மாதிரிக் கண் ஒன்று. டாக்டரிடம் நடுக்கமில்லாமல் சொன்னாள். "ஆறு மில்லிமீட்டர். பிளாஸ்டிக். பின்னால தண்டு இருக்கு, தண்டுல வரி வரியா இருக்கும், இழுத்தா பிடிக்கும்." செக்கிங் மேசையில் சொல்வதைப் போலவே சொன்னாள். டாக்டர் அந்தக் கண்ணை வாங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது, சொல்லியிருக்காவிட்டால் இன்னும் சளிக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம் என்றார்.

இரண்டு மணி நேரம். குழந்தையின் அம்மா பெஞ்சில் ஒரு சின்னச் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஆந்தைக்காரி எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள், உட்காரவே இல்லை. பச்சைத் துணி போட்ட ஒவ்வொருவராகக் கதவைத் திறந்தபோதெல்லாம் நான் இரண்டடி முன்னால் போனேன். கடைசியில் டாக்டர் வந்தார்.

"எடுத்தாச்சு. உயிருக்குப் பயமில்ல. ஆனா வலது நுரையீரல்ல கீழ்ப்பக்கம் கெட்டுப்போயிருக்கு. எவ்வளவு தேறும்னு இப்பச் சொல்ல முடியாது. ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும்."

அவர் உள்ளே போனதும் ஆந்தைக்காரி அந்தப் பெண்ணுக்கு எதிரே போய் நின்றாள். "அந்தப் பொம்மை நான் செஞ்சதுங்க," என்றாள்.

அந்தப் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் பார்த்த முகம்தானே. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணு கழண்டு வரும்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"எப்ப வெளிய சொன்னீங்க?"

"சனிக்கிழமை."

"ஏன்?"

நான் சுவரோடு சுவராக நின்றேன். இப்போது சொல்வாள், என் பக்கம் கையை நீட்டுவாள் என்று காத்திருந்தேன். நீட்டியிருந்தால் நியாயம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "காரணம் ஒண்ணும் இல்லைங்க," என்றாள். "என் தப்பு."

அந்தப் பெண் எழுந்து, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டிக் கதவுக்குப் போனாள். கண்ணாடிக்காரர் மட்டும் என்னிடம் வந்தார். மனிதர் உடைந்துபோயிருந்தார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் இன்னைக்குக் கேட்கலன்னா எங்க பிள்ளை போயிருப்பான்மா. நீங்க நல்லா இருக்கணும்."

அவருக்குப் பின்னால் ஆந்தைக்காரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "குழந்தையைப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் விடுகிற வரைக்கும் என் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.